ஃபைபர் மோடம் ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கு: திறக்கலாமா, கூடாதா?

நெட்தேடி: ஜிபான் ஓஎன்டி பெட்டி (வீட்டில் ஃபைபர் வந்து சேரும் மோடம்), 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர். பகலில் பிரச்சினை இல்லை. ராத்திரி எல்லாரும் வைஃபையில் ஏறினதும் பவர் விளக்கு உட்பட எல்லாம் அணைந்து மறுபடி பூட் ஆகிறது. ஃபைபர் சிக்னல் போனால் எரியும் லாஸ் விளக்கு சிவப்பாக எரிவதில்லை. அடாப்டரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12.2 வோல்ட் காட்டுகிறது. பெட்டியைத் திறந்து பார்க்கலாமா?

சால்டர்சாமி: தாராளமா திறங்க. ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியிலோ லேபிளுக்கு அடியிலோ ஒளிஞ்சிருக்கும், மீதி எல்லாம் கிளிப். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா பிளாஸ்டிக் உடையும். பழைய ஏடிஎம் கார்டை விளிம்புல ஓட்டுங்க. மூடியை வெடுக்குனு தூக்காதீங்க, ஆன்டெனா வயர் மூடியோட ஒட்டியிருக்கலாம். உள்ளே பவர் ஜாக் பக்கத்துல எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். தலை உப்பியிருந்தா அதுதான் குற்றவாளி. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது கூடுதல், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை கம்மி)னு கேட்டு வாங்குங்க. கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். போர்டுல இருக்குற குறியை மட்டும் நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க.

பச்சைகனெக்டர்: சாமி, அவசரம் வேண்டாம். லோடு இல்லாமல் காட்டும் 12.2 வோல்ட்டுக்கு அர்த்தமே கிடையாது. வண்டிக்குப் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்பை அடாப்டரில் மாட்டுங்கள், சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும். பத்து நிமிடம் எரியவிட்டு வோல்ட்டைப் பாருங்கள். 11.4-க்குக் கீழே போனால் அடாப்டர் போய்விட்டது. அடாப்டர் வயரின் முனைப் பின்னையும் ஆட்டிப் பாருங்கள்: 2.1 மில்லிமீட்டர் ஜாக்கில் 2.5 பின் மாட்டினால் உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்று இருக்கும்.

பெட்டியைத் திறப்பதில் எனக்குப் பயம் கெப்பாசிட்டரைப் பற்றி அல்ல. சில மாடல்களில் ஃபைபர் மூடிக்குள் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஜி.652 ஃபைபர் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளையக் கூடாது; ஜி.657 ஏ2 என்றால் 7.5 வரை தாங்கும். உள்ளே எது இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. திறப்பதாக இருந்தால் முதலில் அட்மின் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவரை (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 டிபிஎம் இருந்தது மூடிய பிறகு மைனஸ் 26 ஆனால் ஃபைபரை நசுக்கிவிட்டீர்கள். பி பிளஸ் வகுப்பில் (ஜிபான் ஒளித்திறன் வகை) ஓஎன்டியின் எல்லையே மைனஸ் 27தான்.

சால்டர்சாமி: கேள்வி பவர் பத்தி. நான் சொன்ன கெப்பாசிட்டர் ஜாக் பக்கத்துல இருக்கு. ஃபைபர் பக்கம் கையே போகாது.

பச்சைகனெக்டர்: கை போகாது, சால்டர் துளி போகும். ஜிபானில் ஒரே ஃபைபரை 32 அல்லது 64 வீடுகள் பங்கிடுகின்றன. ஒவ்வொரு பெட்டியும் தனக்குக் கொடுத்த நேரத்தில் மட்டும்தான் 1310 நானோமீட்டர் லேசரை எரிய வைக்க வேண்டும். லேசர் டிரைவர் கெட்டு நிற்காமல் எரிந்தால் அந்த ஸ்ப்ளிட்டரில் (ஃபைபரை வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) இருக்கும் மொத்தப் பேருக்கும் நெட் போகும். யார் பெட்டி என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். அப்புறம் பெட்டி பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் சொத்து. கெட்டால் கடையில் ஒன்று வாங்கி மாட்டவும் முடியாது, அதன் சீரியல் நம்பரை ஓஎல்டியில் (நிறுவனத்தின் பக்கத்துக் கருவி) பதிய வேண்டும்.

சால்டர்சாமி: அது ஆயிரத்துல ஒண்ணு. சரி, அடாப்டர்தான்னா அதையே திறந்து செகண்டரி (12 வோல்ட் வெளிய வர்ற பக்கம்) கெப்பாசிட்டரை மாத்தட்டும். 470 அல்லது 680 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். டீ காசுல முடியுற வேலை.

மெகர்மணி: இரண்டு பேரும் தலைகீழாகப் பேசுகிறீர்கள். ஓஎன்டிக்கு வருவது 12 வோல்ட்தான், அது ஆளை ஒன்றும் செய்யாது. அடாப்டருக்குள் பிரைமரி (230 வோல்ட் நுழையும் பக்கம்) கெப்பாசிட்டரில் 230-ஐ 1.414-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். அதைவிட மோசம், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளி. அங்கே ஒரு சால்டர் பொட்டு விழுந்தால் 230 வோல்ட் ஓஎன்டி வரை வந்து நிற்கலாம். வெல்டிங் செய்து மூடிய உறையைப் பசை போட்டு ஒட்டினால் பழைய பாதுகாப்பு திரும்பாது. திறக்க ஆசையாக இருந்தால் ஓஎன்டியைத் திறங்கள். அடாப்டரைக் குப்பையில் போடுங்கள்.

சால்டர்சாமி: 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை பிரைமரி கெப்பாசிட்டரோட ரெண்டு கால்லயும் வெச்சா 22 மைக்ரோஃபாரட் ரெண்டு செகண்டுல காலி. மீட்டர்ல உறுதி பண்ணிட்டுத் தொடணும். வேலை முடிஞ்சதும் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்குற மீட்டர்) போட்டு இன்சுலேஷன் பார்த்துக்கலாம். இதுக்கெல்லாம் தூக்கிப் போட்டா மின்கழிவு மலைதான் மிஞ்சும்.

மெகர்மணி: மெகர் எத்தனை வீட்டில் இருக்கிறது?

நெட்தேடி: பல்பு போட்டுப் பார்த்தேன். 11.8 வோல்ட், இறங்கவில்லை. நடுவில் மினி யுபிஎஸ் இருக்கிறது, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பச்சைகனெக்டர்: அதைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி நேராக ஓட்டுங்கள். உள்ளே இருப்பது 3.7 வோல்ட் செல். தளர்ந்துவிட்டால் லேபிளில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் லோடு ஏறும்போது சரியும்.

மெகர்மணி: பல்பு சோதனையிலும் ஒரு ஓட்டை உண்டு. கெப்பாசிட்டர் காய்ந்துபோன அடாப்டர் சராசரி வோல்ட்டைச் சரியாகவே காட்டும், ரிப்பிள் (வோல்ட்டின் வேகமான ஏற்ற இறக்கம்) மட்டும் எகிறும். பல்புக்கு ரிப்பிள் தெரியாது. மலிவு மீட்டரின் ஏசி ரேஞ்ச் அந்த ஃப்ரீக்வென்சிக்கு எட்டாது. ஆகவே 12 வோல்ட் 1.5 அல்லது 2 ஆம்பியர் நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, வோல்ட் கூடக் கூடாது. சூடும் ஒரு சந்தேகம்தான். டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்ததும் தாக்குப்பிடித்தால் பெட்டி கொதிக்கிறது என்று அர்த்தம்.

சால்டர்சாமி: அதுக்கும் அசையலைனா நான் சொன்ன ஜாக் பக்கத்துக் கெப்பாசிட்டர்தான். திறக்கும்போது ஹீட்சிங்க் அடியில இருக்குற தெர்மல் பேடைப் பிய்ச்சுட்டு பேஸ்ட் தடவாதீங்க. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது, சிப் இன்னும் சூடாகும்.

பச்சைகனெக்டர்: பெட்டி உங்கள் சொந்தமாக இருந்தால் மட்டும். வாடகைப் பெட்டி என்றால் கம்ப்ளைன்ட் போடுங்கள், மாற்றித் தருவது அவர்கள் வேலை. ஃபைபரின் பச்சை கனெக்டரைக் கழற்றினால் முனையில் கை படாமல் உடனே தொப்பி போடுங்கள். அதில் வரும் 1490 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.