மஞ்சள் பட்டையைச் சேர்க்கணுமா, கூடாதா?

மீட்டர்மணி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய பழைய அமெரிக்க ராணுவ சிக்னல் ஜெனரேட்டரில் (சோதனைக்கு மின் அலை தரும் பெட்டி) ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை; அதன் மதிப்பை நிறப் பட்டைகள் சொல்லும். பட்டைகள் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு, தங்கம், மஞ்சள். "அஞ்சு பட்டை, அதனால் 10.3 ஓம்" என்று அல்சூர்வாசி நேற்று எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முதல் இரண்டு பட்டை 10, ஆரஞ்சு ஆயிரம் மடங்கு, தங்கம் 5 சதவீத விலகல்: அது 10 கிலோ ஓம், 5 சதவீதம். மஞ்சள் மதிப்பில் சேராது.

அல்சூர்வாசி: அஞ்சு பட்டை என்றால் முதல் மூன்றும் எண், நான்காவது பெருக்கி, கடைசி டாலரன்ஸ், அதாவது மதிப்பு எவ்வளவு விலகலாம் என்பது. பழுப்பு 1, கருப்பு 0, ஆரஞ்சு 3: ஆக 103, தங்கத்துக்கு 0.1 மடங்கு. பாலிடெக்னிக் பையனுக்கே தெரியும்.

மீட்டர்மணி: அந்தச் சார்ட் மெட்டல் ஃபிலிம் (உலோகப் படல) ரெசிஸ்டருக்கு. இது கார்பன் காம்போசிஷன், கார்பன் கலவையில் செய்த பழைய வகை, முனை இரண்டும் தட்டையான பழுப்பு உருளை. இதில் அஞ்சாவது பட்டை ராணுவத்தின் நம்பகக் குறி. மஞ்சள் என்றால் 1,000 மணி நேரத்துக்கு 0.001 சதவீதம் பழுதாகலாம். ஆரஞ்சு 0.01, சிவப்பு 0.1, பழுப்பு 1. அப்புறம், 103 என்ற எண் ரெசிஸ்டர் மதிப்புகளின் தரப் பட்டியலான ஈ192 வரிசையிலேயே கிடையாது. யார் செய்து விற்பார்கள்?

கோரமங்களாக்காரன்: மீட்டர் வைத்தால் முடிந்ததே?

மீட்டர்மணி: வைத்தாச்சு. போர்டிலேயே 11.8 கிலோ ஓம்.

அல்சூர்வாசி: என் 10.3 ஓம் உள்ளே அறுந்திருக்கும். நீங்கள் அளந்தது பக்கத்துப் பாதையை.

மீட்டர்மணி: ரெசிஸ்டரின் ஒரு கம்பியைப் போர்டிலிருந்து கழற்றி, பக்கத்துப் பாதை இல்லாமலும் அளந்தேன், அதே 11.8. பழைய கார்பன் ஈரம் குடித்தால் மதிப்பு ஏறும், இறங்காது; 10 கிலோ ஓம்தான் 11.8 ஆகியிருக்கிறது. அறுந்த ரெசிஸ்டர் 11.8 காட்டுமா?

கோரமங்களாக்காரன்: மும்பை லாமிங்டன் ரோட்டில் இந்தப் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும்.

மீட்டர்மணி: விலையை யார் கேட்டது? போன தீபாவளிக்கு வாங்கிப்போன என் சால்டரிங் அயர்னை முதலில் திருப்பிக் கொடுங்கள்.

கோரமங்களாக்காரன்: அதன் முனை தேய்ந்துபோய்த்தான் என் கைக்கு வந்தது. இதை ஊரறியச் சொல்லணுமா?

அல்சூர்வாசி: பேச்சை மாற்றாதீர்கள். அஞ்சு பட்டைக்கு அஞ்சு பட்டைக் கணக்குதான்.

மீட்டர்மணி: உருளையைப் பாருங்கள் சார், பட்டையை எண்ணாதீர்கள். முதல் பட்டை இரட்டை அகலமாக இருந்தால் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய ரெசிஸ்டர்) என்று நான் சொன்னபோதும் அச்சுப் பிழை என்றுதான் அடித்துப் பேசினீர்கள்.

அல்சூர்வாசி: அது அச்சுப் பிழையேதான்.

மீட்டர்மணி: புது 10 கிலோ ஓம் போட்டுவிட்டேன், ஜெனரேட்டர் அலை சுத்தமாக வருகிறது. அந்த இடத்தில் 10.3 ஓம் போட்டு ஓட்டிக்காட்டுங்கள். மஞ்சள் மதிப்பில் சேராது.

அல்சூர்வாசி: சேரும்.