லிங்க்குக்கு என்ன சொல் போடுவது?

நண்பர்களே, ஒரு உதவி. நில அளவை பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன், லிங்க் என்ற ஒரே சொல் பாடாய்ப் படுத்துகிறது.

இணையத்தில் வருவதற்குச் சுட்டி, இணைப்பு என்று ஏதாவது போட்டு ஓட்டிவிடலாம். சங்கிலியில் வந்தால் கண்ணி. (கோல்ஃப் மைதானத்தைச் சொல்லும் 'கோல்ஃப் லிங்க்ஸ்' தனிக் கதை, அது மேட்டு நிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, சங்கிலிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.) மாட்டிக்கொண்டது அளவில்தான். 1620இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கன்டர் கொண்டுவந்த அளவுச் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க், ஆக ஒன்று 7.92 அங்குலம். நம் ஊர் சென்ட் கணக்கும் இதில்தான் உட்கார்ந்திருக்கிறது, 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட்.

சந்தேகம் வந்து தாத்தாவின் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். மடிப்பு கிழிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 'கிழமேல் 80 லிங்க்ஸ், தென்வடல் 50 லிங்க்ஸ்' என்று இருக்கிறது. பெருக்கினால் சரியாக 4 சென்ட். பத்திரம் எழுதியவரே சொல்லை மாற்றாமல் விட்டிருக்கிறார்!

நானும் அப்படியே விடவா, இல்லை கண்ணி என்று போடவா? சர்வேயர்கள், பத்திர எழுத்தர்கள் யாராவது இருந்தால், உங்கள் பக்கம் பேச்சில் இதை எப்படிச் சொல்வீர்கள்? பழைய பத்திரத்தில் வேறு சொல் பார்த்திருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், பன்மையில் 'லிங்க்ஸ்' சரியா, 'லிங்க்குகள்' சரியா?