போஹுமில் கிரிப்டோகிராபி: பேராசிரியரிடம் போய் நிற்பதற்கு முன்

இந்த அக்டோபரில் ஜெர்மனியின் போஹும் நகரில் வந்து இறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு. (ஊர் பெயரைச் சொன்னதும் "போகும்னா எங்கடா போகும்?" என்று கேட்டார் என் அம்மா. உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள்.) வீடு, பேங்க் அக்கவுண்ட், இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு வரும் கேள்வி வேறு: "அண்ணா, கிரிப்டோகிராபி ப்ரொபசர்கிட்ட ஹிவி வேலையோ தீசிஸோ கேட்கணும். மெயில் எப்படி எழுதுறது?" (கிரிப்டோகிராபி என்றால் தகவலை மறைத்துப் பாதுகாக்கும் மறையாக்கத் துறை, ஹிவி என்றால் பல்கலையில் மாணவர்கள் பார்க்கும் பகுதி நேர உதவியாளர் வேலை.)

முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்தபோதே ஐரோப்பா முழுக்க நாற்பது பேருக்கு ஒரே மெயில் தட்டிவிட்டேன். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடக்கம், "உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று நடுவில், கடைசியில் சி.வி. எந்த ஆராய்ச்சி கவர்ந்தது என்று எனக்கே தெரியாது. "சார்" போட்டதில் மூன்று பேர் பெண்கள். ஒரு மெயிலில் முந்தைய பேராசிரியரின் பெயரை மாற்றவே மறந்துவிட்டேன். வந்தது ஒரே பதில்: "விடுமுறையில் இருக்கிறேன்" என்ற தானியங்கி மெயில்.

இப்போது நான் டாக்டரேட் செய்கிறேன். எனக்கே அந்த மாதிரி மெயில்கள் வருகின்றன, பேராசிரியர்களுக்கு எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைக்கென்றே இன்னொரு ரகமும் உண்டு: "நானே ஒரு மறையாக்க முறை கண்டுபிடித்திருக்கிறேன், யாராலும் உடைக்க முடியாது." தயவுசெய்து அதை மட்டும் அனுப்பாதீர்கள். மற்றவர்கள் வருடக்கணக்கில் தாக்கிப் பார்த்தும் நிற்பதைத்தான் இங்கே நம்புவார்கள். அப்படி நின்றதுகூடச் சில சமயம் விழும். சைக் என்ற மறையாக்கத் திட்டம், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் நடத்திய போட்டியில் நான்காம் சுற்று வரை வந்தது. 2022இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலையின் காஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் கணினியின் ஒற்றை கோரில் ஒரு மணி நேரம் ஓடும் நிரலால் அதன் சிறிய அளவுருவை (சின்ன எண்களில் ஓடும் வடிவத்தை) உடைத்தார்கள்.

அந்தக் கதையில் மாணவர்களுக்கு வேண்டிய இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. அவர்கள் நிரல் எழுதியது மாக்மாவில், அது காசு கொடுத்து வாங்கும் கணித மென்பொருள். சில நாட்களிலேயே வேறு சிலர் அதை இலவச சேஜ்மேத்தில் திருப்பி எழுதி, வேகமாகவும் ஆக்கிவிட்டார்கள். அது எல்லாருக்கும் பயன்பட்டது. புதுத் தேற்றம் கண்டுபிடித்துக்கொண்டு போனால்தான் மதிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கட்டுரையில் இருப்பதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாலே நீங்கள் தனி ஆள்.

கட்டுரைகள் பெரும்பாலும் ஐ.ஏ.சி.ஆர். ஈ-பிரின்ட் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: இங்கே ஆசிரியர் பெயர்கள் வழக்கமாக அகர வரிசையில்தான் இருக்கும். முதல் பெயர் என்பதால் அவர்தான் முக்கியமானவர் என்று நம் ஊர் இன்ஜினியரிங் பழக்கத்தில் எடுத்துக்கொண்டு எழுதினால் தப்பான ஆளிடம் போய் நிற்பீர்கள். பட்டியலில் டாக்டரேட் மாணவர் யாராவது இருந்தால் முதலில் அவருக்கு எழுதுங்கள். பதில் வரும் வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

இரண்டு வருடம் முன்பு மதுரைப் பெண் ஒருத்தி எழுதிய மெயில் கிட்டத்தட்ட இவ்வளவுதான்: "அன்புள்ள பேராசிரியர் இன்னார், நான் முதலாண்டு மாஸ்டர்ஸ் மாணவி. உங்கள் டிஜிட்டல் கையொப்பக் கட்டுரையின் மூன்றாம் பகுதியில் வரும் அல்காரிதத்தைச் சின்ன அளவுருக்களோடு சேஜ்மேத்தில் எழுதிப் பார்த்தேன், இணைப்பு கீழே. கட்டுரை சொல்வதைவிட அதிகத் தடவை கையொப்பம் நிராகரிக்கப்பட்டு மறுபடி தொடங்குகிறது. என் பிழையா, அளவுருவால் வருவதா தெரியவில்லை. 15 நிமிடம் பேச முடியுமா? இந்தப் பக்கமாக தீசிஸ் செய்ய ஆசை." சி.வி. இணைக்கவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. பிழை அவளுடையதுதான், ஒரு வரம்பைத் தவறாக வைத்திருந்தாள். ஆனாலும் தீசிஸ் கிடைத்தது.

"சார்", "மேடம்" வேண்டாம். பேராசிரியர் என்பதோடு குடும்பப் பெயர். அவரே முதல் பெயரில் கையெழுத்திட்டால் அடுத்த மெயிலிலிருந்து நீங்களும் அப்படி அழைக்கலாம். முதலில் நாக்கு எழும்பாது, பழகிவிடும்.

நீங்கள் ஏற்கெனவே இந்த ஊரில் இருப்பதால் மெயிலைவிட நல்ல வழியும் இருக்கிறது: வகுப்பு. கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கான ஹார்ஸ்ட் கோர்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2002இலிருந்து இங்கே இருக்கிறது. அதே துறைக்கென்றே ஒரு மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனமும் 2019இல் வந்தது. 2024 ஆகஸ்டில் நிஸ்ட் தரமாக்கிய கைபர் என்ற மறையாக்க முறையை வடிவமைத்தவர்களில் சிலர் வேலை செய்வது இந்த ஊரில்தான். யு35 ரயில் பிடித்தால் கேம்பஸ் வாசலிலேயே இறங்கலாம். வாராவாரம் பயிற்சித் தாளைப் போட்டு, ஸ்ப்ரெஹ்ஷ்டுண்டேயில் (ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரம்) போய்ச் சந்தேகம் கேட்பவரின் முகம் பேராசிரியர்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊரில் 16 மார்க்குக்கு ஆர்.எஸ்.ஏ. மறையாக்கக் கணக்குப் போட்டது இங்கே போதாது. ஒரு முறை பாதுகாப்பானது என்று கணித நிரூபணம் எழுத வராவிட்டால் முதல் செமஸ்டரை அதற்கே கொடுங்கள்.

பிப்ரவரி நடுவில் கிரிப்டோ மாநாட்டுக்கும் அக்டோபர் தொடக்கத்தில் யூரோகிரிப்டுக்கும் கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி வரும். அந்த வாரங்களில் யாரும் மெயில் பார்க்க மாட்டார்கள், தள்ளிப் போடுங்கள்.

விசா பற்றிக் கேட்டவர்களுக்கு: 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்குள் பார்க்கும் ஹிவி வேலை அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் ஆவுஸ்லெண்டர்பெஹர்டேயிடம் (வெளிநாட்டவர் அலுவலகம்) ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் பதில் இல்லையா? ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரியில். அதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த கட்டுரையை எடுங்கள். மெயில் தயாரானதும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்ட வேண்டுமென்றால் காட்டலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துச் சொல்கிறேன். பிட்காயின் வாங்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு என் சித்தப்பா ஒருத்தரே போதும்.