காளிதாஸ் தெலுங்குப் படமாம்! டி.பி. ராஜலட்சுமி முதல் தமிழ் நாயகி இல்லையாம்!

வால்டாக்ஸ்வாசி: நேத்து இங்க ஒரு அறிவாளி எழுதியிருக்கார்: "காளிதாஸ் தெலுங்குப் படம். ராஜலட்சுமியை முதல் தமிழ்க் கதாநாயகின்னு கொண்டாடுறது வெத்துப் பெருமை." படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. முதல் தமிழ்ப் பேசும்படம்னு சொல்ற காளிதாஸ், 1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர்ல ரிலீஸ். பம்பாய்லேர்ந்து வந்த ரீல் பெட்டியை வால்டாக்ஸ் ரோடு வழியா ஊர்வலமா, பூ தூவி, தேங்காய் உடைச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. தெலுங்குப் படத்துக்கா அத்தனை தேங்காய்?

ரீல்பெட்டி: அந்த அறிவாளி நான்தான். தேங்காய் தமிழ் பேசிச்சோ? கதாநாயகன் பி.ஜி. வெங்கடேசன் பேசினது தெலுங்கு.

வால்டாக்ஸ்வாசி: கதாநாயகி பேசினது?

ரீல்பெட்டி: கதாநாயகன் பேசினது?

கீழ்ப்பாக்கத்துக்காரி: அடடா, ராஜலட்சுமியம்மா வாழ்க்கையில இது ஒண்ணுதானா? சின்ன வயசுல கல்யாணம், வரதட்சணைத் தகராறு, பிறந்த வீட்டுக்கே திரும்பி, அப்புறம் நாடக மேடை. தேசபக்திப் பாட்டுப் பாடி ஜெயிலுக்குப் போனாங்க. பெண் சிசுக்கொலையை எதிர்த்தாங்க. 1936ல தன்னோட நாவலையே 'மிஸ் கமலா'ன்னு படமா இயக்கி, தானே தயாரிச்சு நடிச்சாங்க. இதையும் கொஞ்சம் பேசுங்களேன்.

ரீல்பெட்டி: பேசலாமே. ஆனா இந்தியாவோட முதல் பெண் இயக்குநர்னு ஆரம்பிச்சுடாதீங்க. ஃபாத்மா பேகம் 1926லயே படம் எடுத்துட்டாங்க.

கீழ்ப்பாக்கத்துக்காரி: நான் எங்க அப்படிச் சொன்னேன்?

ரீல்பெட்டி: போன வருஷம் சொன்னீங்க. கேட்டதுக்கு என்னை பிளாக் பண்ணீங்க.

கீழ்ப்பாக்கத்துக்காரி: பிளாக் பண்ணது நீங்க பேசின தோரணைக்கு.

வால்டாக்ஸ்வாசி: உங்க பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்குங்க. காளிதாசன் கதைக்கும் காந்திக்கும் என்னய்யா சம்பந்தம்? ஆனா அந்தப் படத்துல கைராட்டினப் பாட்டு வருது! வெள்ளைக்காரன் ஆட்சியில, திரையில நின்னு பாடுறாங்க. தமிழ்ப் பாட்டு சாமி, தமிழ்ப் பாட்டு!

ரீல்பெட்டி: அதே படத்துல அதே அம்மா தியாகராஜர் கீர்த்தனையும் பாடினாங்க. அது எந்த மொழி சாமி?

வால்டாக்ஸ்வாசி: திருவையாத்துல பொறந்தவங்க தியாகராஜரைப் பாடாம வேற யாரைப் பாடுவாங்க? மார்கழி முழுக்க மியூசிக் அகாடமியில அவரைத்தான் பாடுறாங்க. அப்போ அகாடமி இருக்கிற டி.டி.கே. ரோடு ஆந்திராவுல இருக்கா?

சபாரசிகன்: அகாடமி பேச்சு வந்ததால கேக்குறேன், சபா கேன்டீன்ல இப்ப காபி குடிக்கிற மாதிரியா இருக்கு?

வால்டாக்ஸ்வாசி: யோவ், வேற இடம் கிடைக்கலையா?

சபாரசிகன்: இங்க காபி கூடத் தரமாட்டேங்கிறீங்களே.

ரீல்பெட்டி: நழுவாதீங்க வால்டாக்ஸ். படத்தோட பிரதியே இப்ப இல்லை. தமிழ்ப் படம்னு நீங்க பார்த்தீங்களா?

வால்டாக்ஸ்வாசி: தெலுங்குப் படம்னு நீர் பார்த்தீரா? நாலு தடவை கேட்டாச்சு. ராஜலட்சுமி பேசினது தமிழா இல்லையா? ஆமான்னு ஒரு வார்த்தை வரமாட்டேங்குது!

ரீல்பெட்டி: வெங்கடேசன் விஷயத்துல உங்ககிட்டேர்ந்து வரட்டும், நானும் சொல்றேன்.

கீழ்ப்பாக்கத்துக்காரி: நான் 'மிஸ் கமலா'வுக்குத் தனியாவே திரி ஆரம்பிக்கிறேன். ரீல்பெட்டி அந்தப் பக்கம் வர வேண்டாம்.

ரீல்பெட்டி: வருவேன்.