கீல் இணைப்பில் விரிசல், பில்ஜில் தண்ணீர்: போல்ட்டை இறுக்கினால் போதுமா?

கேள்வி (பழையபடகு):
1979இல் கட்டிய 30 அடி பாய்மரப் படகு, ஈயக் கீல் (படகு கவிழாமல் இருக்க அடியில் பொருத்தும் கனமான பாகம்), சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நிற்கிறது. போன முறை கரையேற்றியபோது கீலும் படகின் அடியும் சேரும் இடத்தில், முன்பக்கமாக ஒரு விரிசல் தெரிந்தது. இப்போது பில்ஜில் (படகின் உள்ளே அடிப்பள்ளத்தில்) எப்போது பார்த்தாலும் கொஞ்சம் தண்ணீர், கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் நட்டுகளில் துரு வேறு. நட்டுகளை இறுக்கிவிட்டு வெளியே 5200 என்ற படகு ஒட்டுப்பசையைப் பூசினால் இந்த சீசனை ஓட்டிவிடலாமா, இல்லை கீலையே இறக்க வேண்டுமா?

நீரோட்டம்:
முதலில் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இல்லையென்றால் பெரும்பாலும் மழைத்தண்ணீர், பாய்மரம் வழியாகவோ டெக் வழியாகவோ இறங்குகிறது. உப்பாக இருந்தாலும் புரொபெல்லர் ஷாஃப்ட் பக்கம் சொட்டலாம். பில்ஜைத் துடைத்துக் காயவைத்து ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பர் வைத்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

கரைக்காற்று:
இறுக்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலத்துப் படகுகள் சிலவற்றில் கீல் போல்ட் இறங்கும் இடத்தில் ஃபைபர்கிளாஸுக்கு நடுவே பிளைவுட் வைத்திருப்பார்கள், அது ஊறிப்போயிருந்தால் நட்டு சுற்றிக்கொண்டே போகுமே தவிர இறுகாது, மரம்தான் நசுங்கும். அப்படியென்றால் மரத்தை வெட்டியெடுத்துவிட்டு கண்ணாடி இழையும் எபாக்சியுமாக நிரப்புவதுதான் வழி. இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் போல்ட் மேலே பளபளவென்று இருக்கும், ஆனால் இணைப்பில் காற்றுப்படாமல் தண்ணீர் தேங்கும் இடத்தில் இடுப்பு சிறுத்துப்போய் அரித்திருக்கும். போல்ட்டை ஈயத்தோடு வார்த்திருந்தால் உருவவும் முடியாது, பக்கத்தில் புது போல்ட் இறக்க வேண்டும்.

படகு தரைதட்டியிருக்கிறதா? 2014இல் அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிகி என்ற பாய்மரப் படகு கீல் கழன்று கவிழ்ந்து நான்கு பேரும் போனார்கள். முந்தைய தரைதட்டல்களும் பழுதுபார்ப்பும் உள்கட்டமைப்பு படகின் அடியோடு ஒட்டியிருந்த ஒட்டலைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது பிரிட்டன் விசாரணை அறிக்கை.

பழையபடகு:
உப்புத்தான். முன்னாலிருந்து இரண்டாவது போல்ட்டில் டிஷ்யூ நனைந்துவிட்டது. தரைதட்டியதா என்று பழைய உரிமையாளரிடம் கேட்டால் சிரித்து மழுப்புகிறார்.

கரைக்காற்று:
அந்தச் சிரிப்பே பதில்! படகு யார்டில் தூக்கும்போது ஸ்லிங்கில் (தூக்கும் பட்டையில்) தொங்கவிட்டு கீலின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். இடைவெளி திறந்தாலோ கீல் ஆடினாலோ 5200 பேச்சே வேண்டாம், இறக்கிவிடுங்கள். அசையவில்லை என்றால் நனைந்த போல்ட்டையாவது அல்ட்ராசவுண்டில் பார்த்துவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சை (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனரை) எடுங்கள். எல்லா நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, படகு தயாரித்தவர்கள் சொன்ன அளவுக்கு மட்டும்.