பேஸ்மென்ட் வெளிக்கதவு: கதவை மட்டும் மாற்றினால் போதுமா?

வடலி:
வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் 1958இல் கட்டிய பங்களா எங்களுடையது. பின்பக்கம் ஆறு படி இறங்கினால் பேஸ்மென்ட் கதவு, வீடு கட்டியபோதே போட்ட மரக்கதவு என்றுதான் நினைக்கிறேன். நேற்று நிலையின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன், இரண்டு அங்குலம் சும்மா உள்ளே போகிறது, மரம் ஈரப் புட்டு மாதிரி உதிர்கிறது. 2024 ஜூலை 16 பெருமழைக்கும் தண்ணீர் இந்த வழியால்தான் உள்ளே வந்தது. கீழே அம்மா இருக்கிறார், மூட்டு வருத்தம், கதவுக்கு அடியால் வரும் குளிர் அவருக்கு ஆகாது. பனி கொட்ட முன் முடிக்க வேண்டும். கதவின் உயரம் 76 அங்குலம், கடையில் எல்லாம் 80 ஆக இருக்கிறது. மேலே சுவரை வெட்டலாமா? நிலையை விட்டுவிட்டுக் கதவை மட்டும் மாற்றினால் போதுமா?

உளிச்சத்தம்:
தம்பி, நிலை உக்கிவிட்டதென்றால் கதவை மட்டும் மாற்றுவதில் பிரயோசனம் இல்லை, பிணைச்சல் ஆணி பிடிக்க மரமே இருக்காது. நிலையோடு சேர்ந்து வரும் இரும்புக் கதவையோ ஃபைபர் கிளாஸ் கதவையோ போடுங்கள். ஈரம் நிற்கும் இடம் என்பதால் நான் ஃபைபர் கிளாஸைத்தான் சொல்வேன், துருப்பிடிக்காது.

ஆனால் கதவு வாங்க முன் ஒரு வேலை செய்யுங்கள். படி முடியும் இடத்தில் தரையில் வடிகால் துளை இருக்கும், அதில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் தேங்கினால் உங்கள் நிலையை உக்க வைத்தது அதுதான், புதுக் கதவையும் அதுவே தின்னும்.

சுவரை வெட்ட வேண்டாம். மேலே லின்டல் இருக்கும், அது வீட்டுப் பாரத்தைத் தாங்குகிறது. 76க்கு ஆர்டர் கொடுத்தால் செய்து தருவார்கள், சில வாரம் எடுக்கும், அதனால் இப்போதே கொடுங்கள். அதே அளவுக் கதவென்றால் ரொறன்ரோவில் பொதுவாகப் பெர்மிட் தேவையில்லை, திறப்பைப் பெரிதாக்கினால் கட்டாயம் தேவை. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து சிறியதை எடுங்கள். பழைய சீமெந்துச் சுவர் ஒரே அளவாக இருக்காது.

மல்லிகை:
அண்ணா சொன்னதோடு இன்னும் இரண்டு. எங்கள் வீட்டில் கதவு போட்டவர் சுவருக்கும் நிலைக்கும் இடையில் சாதாரண ஃபோமை அடித்துவிட்டுப் போய்விட்டார், அது பொங்கி நிலையை உள்ளே தள்ளி, அடுத்த நாள் காலையில் கதவு பூட்டவே வரவில்லை. கதவு, ஜன்னலுக்கென்று குறைவாகப் பொங்கும் ஃபோம் தனியாக விற்கிறார்கள், அதையே கேட்டு வாங்குங்கள். வாசற்படிக்குக் கீழே ஒட்டும் நீர்த்தடுப்புத் தாளை விரித்து, இரண்டு பக்கமும் மேலே மடித்து விடச் சொல்லுங்கள், எங்களுக்கு அதையும் செய்யவில்லை.

அப்புறம், 1958 வீடென்றால் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி சுரண்டவோ உரசவோ வேண்டாம், அம்மா கீழே இருக்கும்போது இன்னும் கவனம்.

வடலி:
அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. இப்போதுதான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதல் வாளித் தண்ணீரே இறங்காமல் நின்றுவிட்டது! மூடியைக் கழற்றிக் கையை விட்டால் மேப்பிள் இலை, சேறு, மரவேர் என்று ஒரு சாக்குக்கு வந்தது. வேர் உள்ளே இன்னும் போகிறது, நாளை குழாய் வேலைக்காரரைக் கூப்பிடுகிறேன். அகலம் மேலே 34, கீழே 33½. ஒன்று கேட்க மறந்துவிட்டேன், கதவு உள்ளே திறப்பது நல்லதா, வெளியேயா?

உளிச்சத்தம்:
உள்ளே. படிக்குழியில் பனி குவிந்தால் வெளியே திறக்கும் கதவு அசையாது, அம்மா உள்ளே மாட்டிக்கொள்வார். வேரை எடுத்த பிறகு திரும்பவும் இரண்டு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.