1965இல் பாலா எம்.எல்.ஏ. எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்?

குளித்தலைக்காரன்:
காலையிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "கலைஞரைப் போலவே கேரள முன்னாள் நிதியமைச்சர் கே.எம். மாணியும் 13 முறை சட்டமன்றம் சென்றவர், அதுவும் ஒரே தொகுதியில்" என்கிறார்கள். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. மாணி பாலா தொகுதியில் முதலில் ஜெயித்தது 1965. அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, சட்டமன்றம் ஒருநாள்கூடக் கூடாமலே கலைந்தது. கூடாத சபைக்கு ஒரு ஆள் எப்படிப் "போக" முடியும்? மாணி போனது 12 தடவை. 13 தடவை போனவர் கலைஞர் ஒருவர்தான். 1957இல் குளித்தலை, 2016இல் திருவாரூர், நடுவில் தோல்வியே கிடையாது.

பீர்மேடு தமிழன்:
வணக்கம் சார். நாங்கள் இடுக்கியில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், பாலா எங்களுக்குப் பக்கத்து ஜில்லா. 1965இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள், மாணி ஜெயித்ததாக அறிவித்தார்கள். சபை கூடாதது அவர் குற்றமா, ஓட்டுப் போட்டவர்கள் குற்றமா? ஜெயித்தது ஜெயித்ததுதான். 13.

குளித்தலைக்காரன்:
ஜெயித்ததை யார் மறுத்தது? உட்கார்ந்தாரா என்றுதான் கேட்கிறேன். உறுதிமொழி எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியல் சட்டத்தின் 193ஆவது பிரிவே சொல்கிறது. அந்த உறுதிமொழிக்கு அவ்வளவு மதிப்பு. 1965இல் மாணி உறுதிமொழி எடுத்தாரா? எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்? அதைச் சொல்லுங்கள்.

ராமாவரம் ரசிகன்:
அண்ணே, நாற்காலிக் கணக்கு என்று ஆரம்பித்துவிட்டீர்கள், சரி. 1991இல் கலைஞர் துறைமுகத்தில் 890 ஓட்டில் ஜெயித்தாரே, அப்புறம் என்ன செய்தார்? ராஜினாமா. அந்த ஐந்து வருஷத்தில் துறைமுகம் மக்களுக்காக அவர் அவையில் பேசியது என்ன? அந்த 1991ஐயும் சேர்த்துத்தானே 13 என்கிறீர்கள்? உட்காராததைக் கழிக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் கழியுங்கள்.

குளித்தலைக்காரன்:
1991இல் சட்டமன்றம் இருந்தது, கூடியது. கட்சித் தோல்விக்குப் பொறுப்பேற்று அவராக விலகினார். இருந்த பதவியைத்தான் ராஜினாமா செய்ய முடியும். 1965இல் கேரளாவில் ராஜினாமா செய்வதற்குக்கூட ஒரு சபை இல்லை. இரண்டும் ஒன்றா? 890 ஓட்டு என்று குத்திக் காட்டுகிறீர்களே, ராஜீவ் கொலைக்குப் பிறகு தமிழ்நாடே எதிராகத் திரும்பிய தேர்தல் அது. அதிலும் ஜெயித்தார். 1962ஐயும் சொல்கிறேன். 1957இல் ஜெயித்த பதினைந்து தி.மு.க. எம்.எல்.ஏ.க்களையும் தோற்கடிக்கக் காங்கிரஸ் குறிவைத்தது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். பதினைந்து பேரில் திரும்ப உள்ளே போனவர் கலைஞர் மட்டும்தான், அதுவும் தஞ்சாவூரில் பரிசுத்த நாடாரை எதிர்த்து.

ராமாவரம் ரசிகன்:
நீங்களே தொகுதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டீர்கள். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். 13 வெற்றிக்கு ஏழு ஊர். 1980இல் அண்ணா நகரில் அ.தி.மு.க.வின் ஹண்டேயிடம் 699 ஓட்டில் தப்பினார், அடுத்த 1984 தேர்தலில் நிற்கவே இல்லை. புரட்சித் தலைவர் அப்போது அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார்.

குளித்தலைக்காரன்:
நிற்கவில்லை என்றால் ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களைக் கொன்று குவித்தார்கள். மத்திய அரசும் மாநில அரசும் செய்தது போதாது என்று ஆகஸ்டில் கலைஞரும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியைத் தூக்கி எறிந்தார்கள். உங்கள் கட்சியில் எத்தனை பேர் எறிந்தார்கள்? 1984இல் அவர் மேலவை உறுப்பினர். அந்த மேலவையையே 1986இல் ஒழித்தது யார்? அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பிடுங்கிவிட்டு, ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறீர்கள்.

ராமாவரம் ரசிகன்:
மேலவை வெட்டிச் செலவு, அதனால் போனது. அதை ஒழித்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. 1983 ஆகஸ்டிலிருந்து 1989 ஜனவரி வரை ஐந்தரை வருஷம், 1991லிருந்து 96 வரை இன்னொரு ஐந்து வருஷம். பத்து வருஷத்துக்கு மேல் சட்டப்பேரவைக்குள்ளேயே இல்லாதவருக்கு 2017 ஜூனில் ராகுல் காந்தி, நிதிஷ் குமாரையெல்லாம் கூட்டி வைரவிழா எடுத்தீர்களே, 60 வருஷம் எங்கே இருக்கிறது?

பீர்மேடு தமிழன்:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். மாணி 1967லிருந்து 2019 ஏப்ரலில் சாகும்வரை ஒரே பாலா. 52 வருஷம். ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை, தோற்றதும் இல்லை. நாள் கணக்கில் பார்த்தால் உங்கள் தலைவர் பின்னால்தான் நிற்பார். 1965ஐச் சேர்த்தால் எண்ணிக்கையும் சமம்.

குளித்தலைக்காரன்:
"1965ஐச் சேர்த்தால்." அந்தச் சேர்த்தாலில்தான் சண்டையே. நானே ஆதாரம் தருகிறேன், கேளுங்கள். கேரளச் சட்டமன்றங்களுக்கு வரிசை எண் உண்டு. 1957இல் வந்தது முதலாவது, 1960இல் இரண்டாவது, 1967இல் மூன்றாவது. 1965க்கு எண்ணே கிடையாது. 2021இல் வந்ததைப் பதினைந்தாவது என்கிறார்கள், விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், 1965ஐ விட்டால்தான் கணக்கு சரியாக வரும். அது போகட்டும். மாணிக்குச் சட்டமன்றப் பொன்விழா கொண்டாடியது 2017 மார்ச்சில். 1965 கணக்கில் வரும் என்றால் 2015இலேயே கொண்டாடியிருக்க வேண்டுமே? உங்கள் ஊர்ச் சட்டமன்றமே சேர்க்காததை நீங்கள் ஏன் சேர்க்கிறீர்கள்?

பீர்மேடு தமிழன்:
வரிசை எண் போடுவது செயலகத்துக் குமாஸ்தா வேலை சார். சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 73ஆவது பிரிவு. ஜெயித்தவர்களின் பெயர்களை அறிவிக்கையாக வெளியிட்டதுமே சபை அமைந்துவிட்டதாகக் கருத வேண்டும். கூட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பீகாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, யாருக்கும் பெரும்பான்மை இல்லை, சபை கூடாமலே மே மாதம் கலைத்தார்கள். அப்படிக் கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்புக் கொடுத்தது. அந்தக் கூடாத சபைக்குப் பீகாரில் பதிமூன்றாவது என்று எண்ணே இருக்கிறது. பீகாரில் கூடாத சபை கணக்கில் வரும், கேரளாவில் வராதா?

இன்னொன்றும் சொல்கிறேன். 1965இல் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் பலர் ஜெயிலுக்குள் இருந்தபடியே ஜெயித்தார்கள். வெளியே வந்து ஒரு கூட்டம் பேசாமல், ஒரு வீட்டு வாசல் ஏறாமல் ஜெயித்தவர்கள். அவர்களிடம் போய் "நீங்கள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்" என்று உங்களால் கேட்க முடியுமா?

குளித்தலைக்காரன்:
பீகார் வேண்டாம், ஜெயில் வேண்டாம். நான் கேட்பது பாலா. 1965. எந்த நாற்காலி?

சோலாப்பூர் வாசகர்:
நண்பர்களே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஜில்லாவில் சாங்கோலா தொகுதி. கணபத்ராவ் தேஷ்முக் அங்கே 11 முறை ஜெயித்தார். விவசாயிகள் தொழிலாளர்கள் கட்சி. மகாராஷ்டிராவுக்கு வெளியே அந்தப் பெயரை முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். சின்னக் கட்சி, வாழ்க்கையில் பெரும்பகுதி எதிர்க்கட்சி வரிசையில்தான். அவர் நினைத்திருந்தால் பெரிய கட்சிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. எம்.எல்.ஏ. ஆன பிறகும் அரசு பஸ்ஸில்தான் போய் வந்தார் என்று இங்கே டீக்கடையில் உட்காருகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 13ஆ 12ஆ என்று அடித்துக்கொள்வதைவிட இப்படிப்பட்ட ஆளைப் பற்றிப் பேசலாமே.

குளித்தலைக்காரன்:
தேஷ்முக் மீது மரியாதை உண்டு ஐயா. ஆனால் 1972இல் தோற்றார், 1995இல் தோற்றார். இங்கே பேசுவது தோற்காதவர்களைப் பற்றி.

சோலாப்பூர் வாசகர்:
தோற்றும் திரும்ப அதே ஊரில், அதே கட்சியில் நின்று ஜெயித்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தொகுதி மாறி மாறி நின்று தோற்காமல் இருப்பது வேறு விஷயம்.

ராமாவரம் ரசிகன்:
ஐயா சொன்னதை ஏழு தொகுதிக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்.

குளித்தலைக்காரன்:
எந்த மண்ணில் நிறுத்தினாலும் ஜெயிக்கிற ஆள் பெரியவனா, வீட்டு வாசலிலேயே நிற்கிறவன் பெரியவனா? குளித்தலை அவர் பிறந்த ஊரும் இல்லை, வாழ்ந்த ஊரும் இல்லை. 1957இல் சட்டமன்றத்தில் அவருடைய கன்னிப்பேச்சே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினைதான். நங்கவரம் எங்கள் தொகுதிக் கிராமம். பண்ணை நிலத்தில் உழுதவர்களின் வழக்கைச் சென்னையில் போய் 32 வயதுப் பையன் பேசினான். அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் எங்களை வளர்த்தார்கள். எனக்கு இந்தக் கணக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. அதனால்தான் உட்காராத ஒருவரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினால் பொறுக்க முடியவில்லை. மாணி உட்கார்ந்ததைப் பேச வேண்டுமானால் 2015 மார்ச் 13ஐப் பேசுவோம். மதுபார் உரிமத்துக்கு மாணி லஞ்சம் வாங்கினார் என்ற புகாரில் எதிர்க்கட்சிக்காரர்கள் முந்தின ராத்திரியே சபைக்குள் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் சபாநாயகர் நாற்காலியே மேடையிலிருந்து பறந்தது. காவலர்கள் சுற்றி நிற்க நிதியமைச்சர் நாலு வரி படித்தார், ஆளுங்கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்தார்கள். அதுதான் அவருடைய பதிமூன்றாவது பட்ஜெட். அதே நவம்பரில் பதவி போனது.

பீர்மேடு தமிழன்:
விவாதம் 1965, நீங்கள் 2015க்குத் தாவுகிறீர்கள். பதில் இல்லாதபோது எல்லோரும் செய்வதுதான். நாற்காலியைத் தூக்கி எறிந்தவர்களை விட்டுவிட்டுப் பட்ஜெட் படித்தவரைப் பழிக்கிறீர்கள். 2016இல் அதே பாலா ஜனங்கள் அவரைத் திரும்ப ஜெயிக்க வைத்தார்கள், அதற்கு என்ன சொல்வீர்கள்? காருண்யா லாட்டரியைக் கொண்டுவந்து, அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு டயாலிசிஸ், இருதய ஆபரேஷன் செய்ய வைத்தவர் அவர். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கு அந்தப் பணம் வந்தது, என் கண்ணால் பார்த்தேன். ஊழல் பற்றிப் பேசுவதற்கு உங்கள் கட்சி சரியான இடமும் இல்லை.

மேட்டூர் செல்வி:
இவ்வளவு நேரமாகக் கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி பெயரை யாருமே எடுக்கவில்லையே. 1970லிருந்து புதுப்பள்ளியில் தொடர்ந்து 12 வெற்றி, 2022 ஆகஸ்டில் மாணியின் நாள் கணக்கையும் தாண்டிவிட்டார். 2023 ஜூலையில் இறக்கும்வரை எம்.எல்.ஏ. ஞாயிற்றுக்கிழமையானால் புதுப்பள்ளி வீட்டில் மனுவோடு கூட்டம் நிற்கும், அவரும் அங்கேயே இருப்பார். முதலமைச்சராக இருந்தபோது ஜில்லா ஜில்லாவாக உட்கார்ந்து மனு வாங்கினார், அதற்கு 2013இல் ஐ.நா. விருது கிடைத்தது. நாற்காலி நாற்காலி என்கிறீர்களே, இவரைச் சொல்லுங்கள். அப்புறம், கௌரியம்மாவையும் ஒருவர்கூட நினைக்கவில்லை. 1957இல் கேரளாவின் முதல் வருவாய்த்துறை அமைச்சர், நிலச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கை. ஆண்களின் கணக்கைப் பார்க்கவே உங்களுக்கு நேரம் போதவில்லை.

குளித்தலைக்காரன்:
சகோதரி, உங்களுக்கு நன்றி. உம்மன் சாண்டி 2022இல் மாணியைத் தாண்டினார் என்றால் அந்தக் கணக்கு மாணிக்கு எங்கே தொடங்குகிறது? 1967இல். 1965இல் எண்ணுவதற்கு ஒரு நாள்கூட இல்லை. பீர்மேடு நண்பர் இதைப் படிக்கவும்.

மேட்டூர் செல்வி:
நான் சொன்னதில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டீர்கள். கௌரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

பீர்மேடு தமிழன்:
நாள் கணக்கு வேறு, வெற்றிக் கணக்கு வேறு. நாள் கணக்கு என்றால் 1967, ஒப்புக்கொண்டால் உங்கள் தலைவருக்குப் பத்து வருஷம் குறையும். வெற்றிக் கணக்கு என்றால் 1965 உண்டு, 13. இரண்டில் ஒன்றை எடுங்கள். இதற்கு நாள், அதற்கு நாற்காலி என்று மாற்றி மாற்றிப் பேசக்கூடாது.

குளித்தலைக்காரன்:
நான் எதையும் மாற்றவில்லை, முதல் பதிவிலிருந்து ஒரே கேள்விதான்.

ராமாவரம் ரசிகன்:
நான் கேட்ட வைரவிழாக் கேள்வியும் ஒன்றுதான் அண்ணே. 1957இல் தொடங்கி, விலகியிருந்த வருஷங்களைக் கழித்துவிட்டு, 60 எப்படி வந்தது என்று கூட்டிக் காட்டுங்கள். அதுவரை மாணியை விடுங்கள்.

குளித்தலைக்காரன்:
முதல் முறை உள்ளே போனதிலிருந்து 60 வருஷம். 2017இல் அவர் திருவாரூர் எம்.எல்.ஏ. 2016இல் 68,366 ஓட்டு வித்தியாசம், அந்தத் தேர்தலில் மாநிலத்திலேயே அதுதான் அதிகம். 92ஆவது வயதில். வேறு என்ன கூட்டிக் காட்ட வேண்டும்?

பீர்மேடு தமிழன்:
முதல் முறை ஜெயித்ததிலிருந்து எண்ணலாம், நடுவில் இல்லாத வருஷங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்படித்தானே சார்? அப்போ மாணிக்கு 1965லிருந்து எண்ணுகிறேன்.

குளித்தலைக்காரன்:
உள்ளே போனதிலிருந்து என்று எழுதியிருக்கிறேன். ஜெயித்ததிலிருந்து என்று எழுதவில்லை. திரும்பப் படியுங்கள்.